ஒழுகினால் நல்லது, சோர்ந்தால்தான் கெடுதல்

பகல் முழுக்க வாய்மூடி இருக்கிற குழாய் இரவு இரண்டு மணிக்குப் பேச ஆரம்பிக்கும். டொக். ஓர் இடைவெளி. மறுபடி டொக். அடியில் வாளியை வைத்தால் டொக் 'டங்' ஆகும். வாளிக்குள் பழைய துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்தால் சத்தம் நிற்கும், சொட்டு நிற்காது. இப்படி மூன்று வாரம் சமாளித்துவிட்டு, ஒரு காலையில் தெருமுனையில் இருக்கிற பிளம்பரைப் போனில் பிடித்தேன். "மேஸ்திரி, வீட்டிலே பைப் ஒழுகுது" என்றேன். அவர் ஒரு விநாடி யோசித்தார். "ஒழுகட்டே சாரே, ஒழுகுந்நது நல்லதல்லே?"

கிண்டல் இல்லை. மலையாளத்தில் ஒழுகுவது என்றால் ஓடுவது. ஆறு ஒழுகும், ஓடை ஒழுகும். மட்டாஞ்சேரியில் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்றால் அது நல்ல செய்தி, அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வேண்டிய செய்தி. ஓட்டை வழியே கசிவதற்கு அவர்கள் சொல்வது 'சோருவது'. "சோருந்நுண்டோ?" என்று அவரே பிறகு திருத்திக் கேட்டார். வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர் என்கிற பழைய நகைச்சுவையை எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இது அதைவிட நுட்பமான குழி. மொழிபெயர்ப்பில் சோறு தின்கிறவன் அதில் விழுந்ததுதான் வெட்கம்.

இத்தனைக்கும் சோர்தல் நம் சொல்தான். கண்ணீர் சோர, குருதி சோர என்று எழுதியவர்கள் நாம். பிறகு அந்தச் சொல்லுக்குக் களைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, கசிகிற வேலையை ஒழுகலிடம் ஒப்படைத்துவிட்டோம். அதனால் தமிழில் ஒழுக்கமும் ஒழுக்கலும் ஒரே வேரில் நிற்கின்றன. முன்னதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பின்னதற்கு பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்தப் பிளம்பர் என்கிற சொல்லும் ஈயத்திலிருந்து வந்தது. லத்தீனில் ஈயத்துக்கு 'பிளம்பம்' என்று பெயர். ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்கள் ஈயத்தில் செய்யப்பட்டன. ஈய வேலைக்காரர்தான் குழாய் வேலைக்காரர். ஈயக் குழாய் போய், இரும்பு வந்து, துத்தநாகம் பூசிய இரும்பு வந்து, இப்போது பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது. பெயர் மட்டும் ஈயத்திலேயே நிற்கிறது.

மேஸ்திரி வருவதாகச் சொன்ன நாளுக்கும் வந்த நாளுக்கும் இடையே ஐந்து நாள். அந்த இடைவெளியில் நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். சாதாரணத் திருகு குழாய்க்குள் நடப்பது எளிமையான விஷயம். கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்குகிறது. தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர். அது பித்தளை விளிம்பு ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. இந்த அமைப்புக்கு 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்கிற பித்தளைப் பட்டறைக்காரர்கள் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகு அடிப்படை பெரிதாக மாறவில்லை. வாஷர் தேய்ந்து இறுகிப்போனால் சொட்டும். சொட்டுகிறதே என்று நாம் இன்னும் பலமாகத் திருகுவோம். அதுதான் தப்பு. தேய்ந்த வாஷரை மேலும் நசுக்கினால், அடுத்து அந்தப் பித்தளை விளிம்பில் பள்ளம் விழும். மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் வாஷரில் முடிய வேண்டியது, புதுக் குழாய் வாங்குகிற வரையில் போகும்.

மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். தொட்டியிலிருந்து வருகிற வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட வேண்டும். கீழே சாக்கடைத் துளையில் ஒரு துணியை அடைத்துக்கொள்வது நல்லது, திருகாணி விழுந்தால் போனது போனதுதான். பளபளப்பு போகாமல் இருக்க நட்டின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு திருப்பினால் தண்டு வெளியே வரும். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் கேளுங்கள். 'அரை இன்ச்' என்று வாயால் சொன்னால் கடைக்காரர் தருகிற மூன்றில் ஒன்றுதான் பொருந்தும். புதியதைப் போடுவதற்கு முன் உள்ளே விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். வழவழவென்று இருந்தால் சரி. நகம் தட்டினால் எத்தனை வாஷர் போட்டாலும் சில மாதங்களுக்குத்தான். வாயில் சொட்டாமல் கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் அது வேறு நோய். மேல்நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும், இல்லாவிட்டால் தண்டைச் சுற்றி நூல் கட்ட வேண்டும். கால் வட்டம் திருப்பினாலே திறக்கிற புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது, இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. இடையில் ஒரு மணல் துகள் புகுந்தால் கீறிவிடும். அதைப் பிரித்து ஒக்கிட முடியாது, உள்ளுறுப்பையே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன். முதல் படியிலேயே வழுக்கியது. மொட்டை மாடி வால்வை எத்தனை வருடமாக யாரும் தொடவில்லையோ, அசைய மறுத்தது. பலமாகத் திருப்பினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, பாதி திறந்த நிலையில் வால்வு அப்படியே நின்றது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அதை மூடித் திறந்து வைக்க வேண்டும் என்று மேஸ்திரி பிற்பாடு சொன்னார். தொடாத வால்வும் பேசாத உறவும் ஒன்று என்பது அவருடைய தத்துவம்.

தண்ணீரை நாட்டுக்காகச் சேமியுங்கள் என்று உபதேசிப்பவர்கள் காசுக் கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சொட்டுகளை எண்ண வேண்டாம். ஒரு லிட்டர் பாத்திரத்தை அடியில் வைத்து எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். என் வீட்டில் ஒரு மணி நேரம் ஆயிற்று. நாளைக்கு 24 லிட்டர், மாதத்துக்கு 720 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் 48 வாளி. கேரள அரசு 2023 பிப்ரவரி 3 முதல் தண்ணீர்க் கட்டணத்தை லிட்டருக்கு 1 பைசா உயர்த்தியபோது ஊரெல்லாம் கூச்சல். அந்த உயர்வுப்படி என் குழாய் கூடுதலாக விழுங்கியது மாதத்துக்கு 7 ரூபாய் 20 காசு. ஒரு டீக்குக்கூடக் காணாது. காசைக் காட்டி யாரையும் குழாயைச் சரிசெய்ய வைக்க முடியாது என்பது என் முடிவு. 48 வாளியைக் காட்டினால் மட்டாஞ்சேரியில் நடக்கும். ஏனென்றால் 2023-ன் தொடக்கத்தில் பாழூர் பம்ப் நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகி, மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றது யாருக்கும் மறக்கவில்லை.

நாலா பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர், குடிக்க ஒரு வாய் இல்லை. கிணறு தோண்டினால் உப்பு. ஆலுவாவில் பெரியாற்றுத் தண்ணீரை மொண்டு வள்ளத்தில் கொண்டுவந்த காலம் இந்த ஊருக்கு உண்டு. யானைக்கால் வியாதிக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் 'கொச்சிக் கால்'. உள்ளூர்த் தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று அவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். குற்றவாளி குடிக்கிற தண்ணீர் அல்ல, தேங்கிய தண்ணீரில் வளர்கிற கொசு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாயிற்று.

காசு விஷயத்தை விட்டுவிடலாம். உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் மேஸ்திரியோடு வந்த இளைஞர். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். இந்தியாவில் எந்த நகரத்தில் குழாய் வேலை நடந்தாலும் அங்கே அந்த மாவட்டத்து ஆள் ஒருவராவது இருப்பார். பட்டாமுண்டாய் என்கிற அவர்கள் ஊர்ப்பக்கம் தலைமுறைகளாகப் பிளம்பர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது, இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அரசுப் பயிற்சி நிலையமும் அங்கே இருக்கிறது. மேஸ்திரி என் வால்வைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, இவர் வாசலுக்குப் போய் மீட்டர் முன்னால் குந்திக்கொண்டார். "எல்லாக் குழாயையும் அடைங்க சார்" என்றார், மலையாளம் பாதி, இந்தி பாதி. அடைத்தோம். மீட்டருக்குள் இருக்கிற சின்னஞ்சிறு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது மீட்டர் சுற்றினால், மீட்டருக்கும் உங்களுக்கும் இடையில் எங்கோ போகிறது என்று பொருள். பொதுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் அது பெரும்பாலும் ராத்திரி. கீழ்த்தொட்டியின் மிதவை வால்வையும் கட்டி நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்புவதைக் கசிவு என்று நினைத்துக் குழி தோண்டுவீர்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து வருகிற காற்றும் மீட்டரைச் சுற்றும், அதையும் நம்ப வேண்டாம். கழிப்பறைத் தொட்டியின் கள்ளக் கசிவுக்கு இன்னும் சுலபமான சோதனை இருக்கிறது. 1983-ல் திருச்சூர்ப் பக்கம் பிறந்து நாடு முழுக்கப் போன உஜாலாவை நாலு சொட்டு தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடைப்பு ரப்பர் போய்விட்டது.

எங்கள் வீட்டில் கழிப்பறை நிரபராதி. ஒடிசாக்காரர் மண்ணை நம்பாமல், வாசலில் ஓடுகிற கானையின் மூடியைத் தூக்கினார். தெருவோரச் சாக்கடைக்கு இங்கே கானை என்று பெயர். அதற்குள் சேறு, பிளாஸ்டிக் பை, அதன் நடுவே எங்கள் வீட்டுக்குக் குடிநீர் கொண்டுவருகிற இரும்புக் குழாய். உப்பு மண்ணும் சாக்கடையும் தின்று, அடிப்பக்கத்தில் துரு செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. ஓர் இடத்தில் ஈர்க்குச்சி நுழைகிற துளை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது, தண்ணீர் வெளியேதானே போகிறது என்று நானும் கேட்டேன். தண்ணீர் வருகிற நேரத்தில் அப்படித்தான், உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வெளியே பீச்சும். பம்ப் நின்று குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது அதே துளை உறிஞ்சும். கானையில் என்ன இருக்கிறதோ அது உள்ளே போகும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற ஊரில் கசிவு என்பது நஷ்டம். சில மணி நேரம் மட்டும் வருகிற ஊரில் அது நோய். 2024-ல் இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்கூரில், குழாய்த் தண்ணீர் வழியே மஞ்சள்காமாலை பரவி, 200-க்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். அங்கே காரணம் வேறு, சுத்திகரிப்பில் குறை என்றார்கள். ஆனால் கிருமி கேட்பதெல்லாம் ஒரு வழிதான்.

எங்கள் சந்தில் அந்த மழைக்காலத்தில் இரண்டு வீடுகளில் மஞ்சள்காமாலை. ஒன்று பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன், ஒன்றரை மாதம் வகுப்புக்குப் போகவில்லை. அவன் வீட்டுக் குழாயும் எங்கள் குழாயும் ஒரே கானையில் தோளோடு தோள் கிடந்தன. இந்தத் துளைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. அந்தப் பையனின் அம்மாவிடம் கானை மூடியைத் தூக்கிக் காட்டியபோது அவர் எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மேஸ்திரியைக் கூப்பிட்டு, எனக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் குழாயை மாற்றிவிட்டார்.

நாங்கள் குழாயைக் கானைக்கு மேலாகத் தூக்கி, தடித்த பிளாஸ்டிக் குழாயில் சுவரோரமாகக் கொண்டுபோனோம். பார்க்க அழகில்லை. கசிந்தால் கண்ணில் படும், அது போதும். மீட்டருக்கு முன்னால், பொதுக் குழாயில் கசிவு என்றால் வாட்டர் அதாரிட்டியின் 1916-க்குப் போன் செய்ய வேண்டும், நாமே தோண்டக் கூடாது. எம்-சீல், சைக்கிள் டியூப், கயிறு எல்லாம் ஒரு ராத்திரிக்கு உதவும் முதலுதவி. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ எடையோடு அழுத்திக்கொண்டிருக்கும். ஈரத்தின் மேல் அப்பிய பசை அதை எத்தனை நாள் தாங்கும்? துடைத்து, காயவைத்து, உப்புத்தாளில் தேய்த்துவிட்டு அப்பினாலாவது கொஞ்சம் நிற்கும். கானைக்குள் கிடக்கிற குடிநீர்க் குழாய்க்கு மட்டும் ஒட்டுவேலையே வேண்டாம்.

மும்பையில் ஓர் எழுத்தாளர் இந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆபித் சுர்த்தி, 1935-ல் பிறந்தவர். 'பகதூர்' சித்திரக்கதை மூலம் வட இந்தியச் சிறுவர்கள் ஒரு தலைமுறையையே வளர்த்தவர். இந்தியிலும் குஜராத்தியிலும் எக்கச்சக்கமாக எழுதியவர். சின்ன வயதில், ஒரு வாளித் தண்ணீருக்காகத் தன் தாய் விடியுமுன் வரிசையில் நின்று சண்டை போட்டதைப் பார்த்தவர். 2007-ல் மீரா ரோடு பகுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரையும் ஒரு பெண் தொண்டரையும் கூட்டிக்கொண்டு அடுக்குமாடிக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தார். குழாய் சொட்டுகிறதா? இலவசமாகச் சரிசெய்து தருகிறோம். பெண் தொண்டர் எதற்கு என்றால், கதவைத் திறப்பது பெரும்பாலும் பெண்கள், முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். முதல் பணம், தனக்குக் கிடைத்த இலக்கியப் பரிசுத் தொகை. பரிசுப் பணத்தில் வாஷர் வாங்கிய எழுத்தாளர் இந்தியாவில் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் திட்டத்தில் எனக்குப் பிடித்தது பிரசங்கம் இல்லாமை. சொட்டுகிற குழாயைச் சரிசெய்யாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஒரே ஒரு வாஷருக்காக எந்தப் பிளம்பர் வருவார்? வருகைக் கூலி வாஷரைப் போலப் பல மடங்கு. ஒரு மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டாரும் சேர்ந்து ஒரே நாளில் ஒருவரைக் கூப்பிட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். எங்கள் சந்தில் நாலு வீடு சேர்ந்தோம். ஐந்தாவது வீட்டுக்காரர் வரவில்லை, அவருக்கும் நாலாவது வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பேச்சு நின்றதும் ஈரத்தால்தான். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் ரயில் பெட்டிபோல் ஒன்றோடொன்று ஒட்டியவை, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அங்கே கசிந்தால் இங்கே பூக்கும். ஐந்தாம் வீட்டுக் குளியலறைக் குழாய்தான் தன் படுக்கையறைச் சுவரைக் கெடுத்தது என்பது நாலாம் வீட்டாரின் வாதம். மேஸ்திரி இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, குழாய் இல்லை, இது கீழேயிருந்து வருகிறது என்றார். குழாய்க் கசிவின் ஈரம் ஓர் இடத்தில் திட்டாகத் தொடங்கும், குழாயில் தண்ணீர் வரும்போது பெரிதாகும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் ஒரு கோடு போட்டதுபோல் சுவர் நெடுக முழங்கால், இடுப்பு உயரத்தில் நிற்கும், வெள்ளை உப்பும் பூக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பாலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது, அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது வெறும் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்தால் போய்விடும்.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: ஓதம். சுவரின் ஈரமும் ஓதம், கடலின் ஏற்றமும் ஓதம். மொழிபெயர்க்கும்போதெல்லாம் ஒரே சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள் என்று குழம்பியிருக்கிறேன். இந்த ஊரில் குழப்பமே இல்லை. வேலியேற்றத்தில் காயல் பொங்கி கானை வழியே தெருவுக்கு வருகிறது, அதே உப்புத் தண்ணீர் அஸ்திவாரத்திலிருந்து சுவரேறுகிறது. கடலோதம்தான் சுவரோதம். மலையாளியின் அந்த வேலியும் நம் பழைய 'வேலை'தான், கடல் என்று பொருள்.

இந்த வீடுகளைச் செம்புரைக்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஏறிய ஈரம் அதன் வழியே காய்ந்துவிடும். உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்வார்கள். நாம் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, உறுதி என்று நம்பி சிமெண்ட் பூசுகிறோம், அதன் மேல் பளபளக்கும் பெயிண்ட். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் வெடிக்கிறது. நாலாம் வீட்டார் மூன்று முறை சிமெண்ட் பூசியிருக்கிறார். மூன்று முறையும் ஈரம் ஒரு சாண் மேலே போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் வீட்டோடு ஒரு சண்டை.

விஷயத்தை நான்தான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் மொழிபெயர்த்தேன். ஐந்தாம் வீட்டுக்காரர், தன் மேல் குற்றமில்லை என்று நாலாம் வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார். அவரோ, பூச்சு காய்ந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசத் தெரிந்த ஒரு கொத்தனாரை ஃபோர்ட் கொச்சிப் பக்கம் மேஸ்திரி கண்டுபிடித்திருக்கிறார். மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகுதான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டாராம்.